உள்ளிருந்து வரும் ஆபத்து: அடோர்னோவின் வியன்னா உரையும் ஜனநாயகம் பற்றிய நெடுங்கேள்வியும்

1967 ஏப்ரல் 6 அன்று வியன்னா பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் தத்துவவாதி தியோடர் அடோர்னோ ஒரு பொது உரை ஆற்றினார். அழைத்தவர்கள் ஆஸ்திரிய சோசலிச மாணவர் சங்கத்தினர். பொருள், புதிய தீவிர வலதுசாரியத்தின் சில கூறுகள். எழுதிய கட்டுரையை வாசிக்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு பேசினார். பேச்சு ஒலிநாடாவில் பதிவாகி ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. 52 ஆண்டுகள் கழித்து, 2019இல், சூர்காம்ப் பதிப்பகம் அதை வரலாற்றாளர் ஃபோல்கர் வைஸின் பின்னுரையோடு சிறு நூலாக வெளியிட்டது. படிக்கக் கடினமானவர் என்று பெயரெடுத்த ஒருவரின் பழைய சொற்பொழிவு, ஜெர்மனியில் அந்த ஆண்டு பரபரப்பாக விற்றது. காரணம் வெளிப்படை. 2017 தேர்தலில் 'ஜெர்மனிக்கான மாற்று' என்ற வலதுசாரிக் கட்சி 12.6 விழுக்காடு வாக்குகளோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்தது. தாங்கள் அன்றாடம் கேட்கும் மேடைப்பேச்சுகளை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் பிரித்துக் காட்டியிருப்பதை வாசகர்கள் கண்டார்கள்.

ஜனநாயகத்துக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அடோர்னோவோடு தொடங்கியதுமில்லை, முடிந்ததுமில்லை. இதற்குச் சொல்லப்பட்ட விடைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். மக்கள் ஏன் ஜனநாயகத்தைக் கைவிடுகிறார்கள் என்று கேட்பது ஒரு வகை. அதை முறியடிக்க வருபவர்களுக்கு யார் வழிவிடுகிறார்கள் என்று கேட்பது இன்னொரு வகை. முதல் கேள்வி சமூகத்தைப் பார்க்கிறது. இரண்டாவது நிறுவனங்களைப் பார்க்கிறது. ஒன்றைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மற்றொன்றை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் வரலாறு விளங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உரை பிறந்த சூழல்

அடோர்னோ 1903இல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். தந்தை யூத வம்சாவளியைச் சேர்ந்த ஒயின் வணிகர். தாய் பாடகி. இளமையில் வியன்னாவுக்குச் சென்று அல்பான் பெர்கிடம் இசையமைப்புப் பயின்றார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை பறிபோனது. ஆக்ஸ்போர்டு, நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று அலைந்து 1949இல் ஊர் திரும்பினார். அமெரிக்காவில் இருந்தபோது அங்குள்ள வானொலிப் பிரசங்கிகளின் பேச்சுகளை வரிவரியாக ஆராய்ந்தார். 1950இல் மூன்று உளவியலாளர்களோடு சேர்ந்து 'எதேச்சாதிகார ஆளுமை' என்ற பெரும் ஆய்வை வெளியிட்டார். வியன்னா மேடையில் அவர் பேசியதன் பின்னே அந்த உழைப்பு இருந்தது.

உடனடிக் காரணம் ஒரு கட்சி. 1964இல் மேற்கு ஜெர்மனியில் 'தேசிய ஜனநாயகக் கட்சி' தொடங்கப்பட்டது. அதன் தலைமையில் பழைய நாஜிகள் பலர் இருந்தார்கள். 1966 நவம்பரில் ஹெஸ்ஸே மாநிலத் தேர்தலில் அது 7.9 விழுக்காடும், பவேரியாவில் 7.4 விழுக்காடும் பெற்றது. போருக்குப் பின் வந்த முதல் பொருளாதாரத் தேக்கம் அப்போதுதான் நாட்டைத் தொட்டிருந்தது. அடுத்த மாதமே இரு பெரும் கட்சிகளும் சேர்ந்து கூட்டணி அரசு அமைத்தன. 496 உறுப்பினர்கள் கொண்ட அவையில் எதிர்க்கட்சியாக மிஞ்சியது 49 பேர் மட்டுமே. பிரதமர் கீசிங்கர் 1933இல் நாஜி கட்சியில் சேர்ந்தவர்.

வியன்னாவுக்கும் தன் கதை இருந்தது. போரோடாய்கேவிச் என்ற பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பறையிலேயே யூத வெறுப்பைப் பேசிவந்தார். 1965 மார்ச் 31 அன்று அவருக்கு எதிராக ஊர்வலம் நடந்தது. அதில் எர்ன்ஸ்ட் கிர்ஷ்வேகர் என்ற 67 வயது முதியவரை வலதுசாரி மாணவன் ஒருவன் அடித்து வீழ்த்தினான். நாஜி ஆட்சிக்கு எதிராக இயங்கியவர் அவர். இரண்டு நாளில் இறந்தார். போருக்குப் பிந்தைய ஆஸ்திரியக் குடியரசில் அரசியல் வன்முறைக்குப் பலியான முதல் மனிதர் அவர்தான். அடோர்னோவின் உரையைக் கேட்கக் கூடிய மாணவர்களுக்கு அது ஆறாத செய்தி.

உரை சொன்னது

அப்போது ஜெர்மன் செய்தித்தாள்களில் ஓர் ஆறுதல் விளக்கம் புழங்கியது: திருந்தாத பழைய ஆட்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள், காலப்போக்கில் மறைந்துவிடுவார்கள். அடோர்னோ முதலில் அடித்தது இதைத்தான். பாசிசம் அரசியலில் தோற்றாலும் அதை உருவாக்கிய நிலைமைகள் சமூகத்தில் அப்படியே நீடிக்கின்றன என்றார். மூலதனம் சிலரிடம் குவியக் குவிய, தங்களை நடுத்தர வர்க்கமாகக் கருதிவந்தவர்கள் கீழிறங்கும் அச்சத்தில் வாழ்கிறார்கள். தங்களைத் தள்ளிய அமைப்பின் மீது வரவேண்டிய கோபம், அந்த அமைப்பை விமர்சிப்பவர்கள் மீது திரும்புகிறது. தானியங்கி இயந்திரங்களின் காலத்தில், கையில் வேலை இருப்பவனுக்கும்கூடத் தான் தேவையற்றவனாகிவிடுவோமோ என்ற எண்ணம் உள்ளே ஓடுகிறது. நிரந்தர நெருக்கடியில் இருக்கும் விவசாயிகளையும், பெரிய அங்காடிகளுக்கு அஞ்சும் சிறு வணிகர்களையும் அவர் தனியே குறிப்பிட்டார். ஆனால் இந்த இயக்கத்தின் ஆதரவாளர்கள் ஒரே வர்க்கத்தில் அடங்குவதில்லை என்றும் எச்சரித்தார்.

பாசிச இயக்கங்கள், தன் இலட்சியத்துக்கு ஏற்றபடி இன்னும் வளராத ஜனநாயகத்தின் காயங்கள், வடுக்கள் என்பது உரையின் மையக் கருத்து. ஜனநாயகம் எல்லோரும் சமம் என்கிறது; பொருளாதாரம் அந்த வாக்கைக் காப்பாற்ற விடுவதில்லை. இந்த இடைவெளியில்தான் வெறுப்பு அரசியல் வேர்பிடிக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1959 உரையொன்றில், ஜனநாயகத்துக்கு எதிராக நிற்கும் பாசிசத்தைவிட ஜனநாயகத்துக்கு உள்ளேயே தங்கிவிட்ட பாசிசம் கூடுதல் ஆபத்தானது என்று அவர் சொல்லியிருந்தார். வியன்னா உரை அதன் தொடர்ச்சி.

தேசியம் பற்றி அவர் சொன்னது நுட்பமானது. உலகம் இரு பெரும் முகாம்களாகப் பிரிந்த பிறகு தனித் தேசத்தின் வல்லமையை யாரும் முழுமனதாக நம்புவதில்லை. நம்பிக்கை உள்ளுக்குள் செத்த பிறகுதான் அது மூர்க்கமாகிறது. சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்த கொடுமை மதம் உறுதியாக இருந்த காலத்தில் உச்சம் தொடவில்லை. மதத்தின் பிடி தளர்ந்து, அதை மீட்கப் போராடிய காலத்தில்தான் தொட்டது என்பதை அவர் சான்றாகக் காட்டினார்.

உரையின் மிகப் பயனுள்ள பகுதி பிரச்சாரம் பற்றியது. இந்த இயக்கங்களிடம் கோட்பாடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. பிரச்சாரமே அவற்றின் அரசியல் சரக்கு. வழிமுறை மிகத் தேர்ச்சியானது, நோக்கமோ இருட்டு. உத்திகள் எண்ணிக்கையில் சில. அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர் சரிபார்க்க முடியாதபடி பெயர்களையும் தேதிகளையும் எண்களையும் அள்ளி வீசுவது ஒன்று. பெரிய உண்மையை ஒரேயடியாக மறுக்காமல் துண்டு துண்டாக அரிப்பது இன்னொன்று: கொல்லப்பட்ட யூதர்களின் எண்ணிக்கையில் முதலில் சிறு ஐயம், பிறகு அடுத்த ஐயம், கடைசியில் குற்றமே நடக்காததுபோல ஆகிவிடும். ஜனநாயகத்தை வெளிப்படையாக எதிர்க்கச் சட்டம் இடம்தராததால், உண்மையான ஜனநாயகவாதிகள் நாங்களே, மற்றவர்கள்தான் அதன் எதிரிகள் என்று பேசுவது மூன்றாவது. அறிவுஜீவிகள் மீதான வெறுப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. முழுப் பொய்யைவிட, பொய்க்குச் சேவை செய்யும் உண்மை அவர்களுக்கு அதிகம் உதவுகிறது என்றும் அவர் கவனித்தார்.

என்ன செய்வது? கண்டுகொள்ளாமல் விட்டால் அடங்கிவிடும் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அறநெறிப் பிரசங்கமும் பயன்படாது. மனிதநேயம் என்று வாய்திறந்தாலே அவர்களுக்குக் கோபம் வரும். ஆதரவாளர்களின் சொந்த நலனைத் தொட்டுப் பேசவேண்டும். இந்த இயக்கம் வென்றால் அவர்களுக்கே என்ன கதி என்று காட்டவேண்டும். இளைஞர்களிடம் போய், உங்கள் தனிவாழ்வைப் பறித்து அணிவகுப்பில் நிறுத்துவார்கள் என்று சொல்லவேண்டும். பிரச்சார உத்திகளுக்குப் பெயர் சூட்டி, பட்டியல் போட்டு, தடுப்பூசிபோல மக்களிடம் முன்கூட்டியே கொண்டுசேர்க்கவேண்டும். பொய்க்கு எதிராக இன்னொரு பொய்யை இறக்கக்கூடாது.

பிளேட்டோ முதல் தொக்வில் வரை

ஜனநாயகம் தன் உள்ளிருந்தே கெடும் என்ற எண்ணத்துக்கு வயது 2,300 ஆண்டுகளுக்கு மேல். பிளேட்டோ 'குடியரசு' நூலின் எட்டாம் பகுதியில் அதைச் சொன்னார். சுதந்திரத்துக்கான தீராப் பசி ஒழுங்கைக் குலைக்கிறது. குழப்பத்தில் மக்கள் தங்களுக்கு ஒரு காவலனைத் தேடுகிறார்கள். அவன் முதலில் கேட்பது மெய்க்காப்பாளர் படை. அந்தப் படையோடு அவன் கொடுங்கோலனாகிறான்.

இந்த வரைபடம் பிற்காலத்தில் பலருக்குப் பொருந்தியது. ஆனால் பிளேட்டோவின் சொந்த ஊரான ஏதென்ஸில் நடந்தது வேறு. கி.மு. 404இல் அங்கே ஜனநாயகத்தைக் கவிழ்த்தவர்கள் சுதந்திரத்தில் திளைத்த ஏழைகள் அல்லர். ஸ்பார்டாவின் ஆதரவோடு வந்த முப்பது பிரபுக்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான கிரிட்டியாஸ் பிளேட்டோவின் தாய்வழி உறவினர். மக்களின் மிகையான ஆசையைப் பற்றி எழுதிய மேதை, மேல்தட்டின் துரோகத்தைப் பற்றி அந்தப் பகுதியில் அதிகம் பேசவில்லை. ஜனநாயகத்தின் சரிவுக்கு மக்களின் அறியாமையை மட்டும் காரணம் காட்டும் வழக்கம் அன்று தொடங்கி இன்றுவரை நீடிக்கிறது.

பிரெஞ்சு சிந்தனையாளர் தொக்வில் 1831இல் அமெரிக்கா சென்று பார்த்து, 'அமெரிக்காவில் ஜனநாயகம்' என்ற நூலை 1835இலும் 1840இலும் இரு பகுதிகளாக எழுதினார். பெரும்பான்மையின் கொடுங்கோன்மை, தனித்தனியாகப் பிரிந்துபோன குடிமக்கள், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அரசின் கீழ் குழந்தையாகிப்போகும் சமூகம் என்று அவர் காட்டிய ஆபத்துகள் புதியவை. இதற்கு மருந்தாக அவர் சொன்னது உள்ளாட்சி, சங்கங்கள், பத்திரிகைகள்.

அவர் தன் நாட்டில் கண்ணால் கண்டது இன்னொன்று. 1848 டிசம்பரில் லூயி நெப்போலியன் நான்கில் மூன்று பங்கு வாக்குகளோடு பிரான்சின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுமுறை போட்டியிட அரசமைப்பு அனுமதிக்கவில்லை. 1851 டிசம்பர் 2 அன்று படையை இறக்கி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். எதிர்த்த உறுப்பினர்களோடு தொக்வில்லும் கைதானார். அதே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் 70 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதை ஆமோதித்தனர். ஓராண்டில் அவர் பேரரசர். தேர்தலில் வென்ற தலைவரே தேர்தல் அமைப்பை முடித்துவைக்கும் நவீன முறையின் முதல் பெரிய எடுத்துக்காட்டு இது.

சட்டத்தின் வழியே: பெர்லினும் வியன்னாவும்

ஹிட்லரை மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எண்களைப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். நாஜி கட்சியின் வாக்கு 1928இல் 2.6 விழுக்காடு, பெருமந்தத்துக்குப் பின் 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. அதுதான் சுதந்திரமான தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம். அதே ஆண்டு நவம்பரில் 33.1 ஆகச் சரிந்தது. சரிந்துகொண்டிருந்த கட்சியின் தலைவரைத்தான் 1933 ஜனவரி 30 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் பிரதமராக நியமித்தார். ஹிட்லரைத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய பாப்பன் போன்ற பழமைவாதிகள் அதற்கு வழிவகுத்தார்கள். திருடன் பூட்டை உடைக்கவில்லை. வீட்டார் சாவியைக் கொடுத்தார்கள்.

மார்ச் 23 அன்று குரோல் இசையரங்கில் கூடிய நாடாளுமன்றம், சட்டமியற்றும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்கே வரமுடியாதபடி தடுக்கப்பட்டிருந்தனர். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கக் கத்தோலிக்க மையக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. அது கிடைத்தது.

வியன்னாவில் அதே மாதம் இன்னும் விசித்திரமான நிகழ்வு. மார்ச் 4 அன்று, ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய ஒரு வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டுத் தகராறு எழுந்தது. ஒரு வாக்கைக் கூடுதலாகப் பெறும் கணக்கில் அவைத்தலைவர் கார்ல் ரென்னர் பதவி விலகினார். அடுத்தடுத்து மற்ற இரு தலைவர்களும் விலகினார்கள். அவையை முடித்துவைக்கக்கூட ஆள் இல்லை. உறுப்பினர்கள் கலைந்தார்கள். நாடாளுமன்றம் தன்னைத்தானே நீக்கிக்கொண்டது என்று பிரதமர் டோல்ஃபுஸ் அறிவித்தார். மார்ச் 15 அன்று மீண்டும் கூட முயன்றவர்களைக் காவல்துறை தடுத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல் இயற்றிய ஓர் அவசரச் சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு அவர் ஆணைகளால் ஆண்டார். ஒரு நடைமுறை விதியின் ஓட்டை ஒரு குடியரசை விழுங்கிவிட்டது.

தற்காக்கலாமா?

ஜனநாயகம் தன் எதிரிகளைத் தடைசெய்யலாமா என்ற வாதம் இந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. 1920ஆம் ஆண்டின் ஆஸ்திரிய அரசமைப்பை வடித்தவர்களில் முதன்மையானவரான ஹான்ஸ் கெல்சன் கூடாது என்றார். பெரும்பான்மையின் விருப்பத்துக்கு எதிராக வன்முறையால் தன்னை நிறுத்திக்கொள்ளும் ஜனநாயகம் ஜனநாயகமாக இருப்பதில்லை என்று 1932இல் எழுதினார். அடுத்த ஆண்டு கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்து நாஜிகள் அவரை நீக்கினர். சட்டத்துறைச் சகாக்கள் அவருக்காக மனு எழுதினர். கையொப்பமிட மறுத்தவர் ஒரே ஒருவர்: நாஜி ஆட்சியின் சட்ட அறிஞராக உயரவிருந்த கார்ல் ஷ்மிட்.

அமெரிக்காவுக்குத் தப்பிய ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் லோவன்ஸ்டைன் 1937இல் எதிர்நிலை எடுத்தார். பாசிசம் ஒரு தத்துவமே அல்ல, அது அதிகாரத்தைப் பிடிக்கும் உத்தி. அதை எதிர்க்கும் ஜனநாயகம் போராடத் தயாராக இருக்கவேண்டும் என்றார். வியன்னாக்காரரான கார்ல் பாப்பர் நியூசிலாந்தில் அகதியாக இருந்து எழுதிய 'திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்' 1945இல் வந்தது. எல்லையற்ற சகிப்பு இறுதியில் சகிப்பையே ஒழித்துவிடும் என்ற அதன் புகழ்பெற்ற வாதம் ஓர் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. அதே குறிப்பில், சகிப்பற்ற கருத்துகளை வாதத்தால் எதிர்கொள்ள முடிகிறவரை அடக்குவது அறிவீனம் என்றும் அவர் சேர்த்திருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் பலர் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மேற்கு ஜெர்மனியின் 1949 அரசமைப்பு லோவன்ஸ்டைன் வழியில் சென்றது. 1952இல் ஒரு நாஜி வாரிசுக் கட்சியும், 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியும் தடைசெய்யப்பட்டன. 1972இல் வந்த அரசுப்பணி விதி, தீவிரவாதிகளை விலக்குவதாகச் சொல்லி இடதுசாரி ஆசிரியர்களையே அதிகம் தொட்டது. பாதுகாப்புக் கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் காட்டும் திசையில்தான் பாயும் என்ற கெல்சன் தரப்பின் அச்சம் வீண் அல்ல.

ஆரெண்ட், அம்பேத்கர்

அடோர்னோ வியன்னாவில் பேசுவதற்குச் சில வாரங்கள் முன், 1967 பிப்ரவரியில், அரசியல் சிந்தனையாளர் ஹானா ஆரெண்ட் 'உண்மையும் அரசியலும்' என்ற கட்டுரையை நியூயார்க்கர் இதழில் வெளியிட்டார். இருவருக்கும் தனிப்பட்ட முறையில் ஆகாது. ஆயினும் இருவரும் ஒரே இடத்தில் கைவைத்தார்கள். நடந்த நிகழ்வு பற்றிய உண்மை எளிதில் உடையக்கூடியது. அதை ஒரு கருத்தாக மாற்றிவிட்டால் போதும். தொடர்ந்த பொய்யின் விளைவாக மக்கள் அந்தப் பொய்யை நம்பிவிடுவதில்லை. எது உண்மை என்று தேடும் புலனையே இழந்துவிடுகிறார்கள் என்பது ஆரெண்டின் முடிவு.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வேறொரு சமூகத்தின் அனுபவத்திலிருந்து அம்பேத்கர் இந்தக் கேள்வியை அணுகினார். கொலம்பியாவில் தத்துவவாதி ஜான் டூயியிடம் பயின்றவர் அவர். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையில் மூன்று எச்சரிக்கைகளை வைத்தார்: அரசமைப்புக்குப் புறம்பான வழிகளைக் கைவிடுங்கள், எவ்வளவு பெரிய மனிதராயினும் அவர் காலடியில் சுதந்திரத்தை வைக்காதீர்கள், அரசியல் ஜனநாயகத்தோடு நிறைவடைந்துவிடாதீர்கள். 1952 டிசம்பர் 22 அன்று புனேயில் வழக்கறிஞர்களிடையே ஆற்றிய உரையில் ஜனநாயகம் வெற்றிகரமாக இயங்கத் தேவையான நிபந்தனைகளை அடுக்கினார். முதலில் வைத்தது பெரும் ஏற்றத்தாழ்வுகள் இல்லாமை. அடுத்து எதிர்க்கட்சியின் இருப்பு. சட்டத்திலும் நிர்வாகத்திலும் சமத்துவம், அரசமைப்பு ஒழுக்கம், சிறுபான்மையை நசுக்காத பெரும்பான்மை, பொது மனச்சாட்சி என்று பட்டியல் நீள்கிறது. அடோர்னோ வர்க்கத்தில் பார்த்ததை அம்பேத்கர் சாதியில் பார்த்தார். கூடுதலாக, அடோர்னோ தொடாத எதிர்க்கட்சி, நிர்வாகம் ஆகியவற்றையும் அவர் சேர்த்துக்கொண்டார். இரு கேள்விகளையும் ஒரே மேடையில் கேட்டவர் என்ற வகையில் அவரே இந்த மரபில் முழுமையானவர்.

அவருடைய அச்சம் 1975இல் மெய்யானது. ஜூன் 25 இரவு நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். அரசமைப்பின் 352ஆம் பிரிவு அப்போது எழுத்துவடிவிலான அமைச்சரவை முடிவைக் கோரவில்லை. 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் திமுக அரசு கலைக்கப்பட்டதும் அரசமைப்பின் ஒரு பிரிவைக் கொண்டுதான். 1978இன் 44ஆம் திருத்தம் அமைச்சரவையின் எழுத்துவடிவ முடிவைக் கட்டாயமாக்கியது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற தளர்வான காரணத்தை நீக்கி 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' என்று இறுக்கியது. ஓட்டையைக் கண்டபின் அடைக்கவும் முடியும் என்பதற்கு இது சான்று.

இன்றைய ஆய்வுகள்

பனிப்போர் முடிந்தபின் இத்துறை ஆய்வாளர்களின் கவனம் இரண்டாவது கேள்விக்கு நகர்ந்தது. 1973 சிலியில் நடந்ததுபோல விமானக் குண்டுகளோடு வரும் ஆட்சிக்கவிழ்ப்பு அரிதாகிவிட்டது என்று நான்சி பெர்மியோ 2016இல் காட்டினார். அதன் இடத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே சிறுகச் சிறுகத் தன் மீதான கட்டுப்பாடுகளைக் கழற்றும் முறை வந்திருக்கிறது. ஹங்கேரி இதன் பாடநூல். 2010இல் வலதுசாரித் தலைவர் விக்டர் ஓர்பானின் கூட்டணி ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளோடு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே புதிய அரசமைப்பு. நீதிபதிகளின் ஓய்வு வயது ஒரே வீச்சில் 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டு மூத்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். ஐரோப்பிய நீதிமன்றம் 2012 நவம்பரில் அது செல்லாது என்றது. அதற்குள் காலி இடங்கள் நிரப்பப்பட்டுவந்தன.

ஸ்டீவன் லெவிட்ஸ்கி, டேனியல் ஸிப்லாட் ஆகிய அரசியல் அறிஞர்களின் 2018ஆம் ஆண்டு நூல், கட்சித் தலைமைகளை வாயிற்காவலர்களாகப் பார்க்கிறது. 1937 பெல்ஜியத்தில் பாசிசத் தலைவர் டெக்ரேல் பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் நின்றபோது, கத்தோலிக்கர் முதல் கம்யூனிஸ்ட்கள் வரை அனைவரும் பிரதமர் வான் ஸீலண்டை ஆதரித்துத் தோற்கடித்தனர். பாப்பன் செய்யாததை அவர்கள் செய்தார்கள்.

இந்த ஆய்வுகளிடம் ஒரு குறை உண்டு. அரசியல் கோட்பாட்டாளர் ஷாந்தால் மூஃப் அதைத் தொடர்ந்து சுட்டிவந்திருக்கிறார். பெரிய கட்சிகள் எல்லாம் பொருளாதாரத்தில் ஒரே பாட்டைப் பாடும்போது, மாற்று வேண்டும் என்பவனுக்கு வெறுப்பைப் பேசும் கட்சி மட்டும்தான் மாற்றாகத் தெரிகிறது. வாயிலைக் காப்பது பற்றி மட்டும் பேசினால், வெளியே ஏன் இவ்வளவு பேர் கூடி நிற்கிறார்கள் என்ற கேள்வி கைவிடப்படுகிறது.

1969 சொல்லும் தீர்ப்பு

அடோர்னோ பேசியது சரியா என்று பார்க்க ஒரு தேர்தல் இருக்கிறது. அவர் 1969 ஆகஸ்ட் 6 அன்று காலமானார். அடுத்த மாதம் மேற்கு ஜெர்மனியில் பொதுத்தேர்தல். முந்தைய ஆண்டு பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் 9.8 விழுக்காடு வரை உயர்ந்திருந்த தேசிய ஜனநாயகக் கட்சி, 4.3 விழுக்காட்டில் நின்றது. ஐந்து விழுக்காடு என்ற குறைந்தபட்ச வரம்பைத் தாண்டாததால் ஓர் இடமும் இல்லை.

அதற்குக் காரணம் என்ன? பொருளாதாரம் மீண்டிருந்தது, வேலையின்மை குறைந்திருந்தது. இது முதல் கேள்வியின் விடை. சிறு கட்சிகள் நாடாளுமன்றத்தைச் சிதறடித்த, நாஜிகளுக்கு முந்தைய வைமர் குடியரசின் அனுபவத்தை மனத்தில் வைத்து வகுத்த வரம்பு தன் வேலையைச் செய்தது. இது இரண்டாம் கேள்வியின் விடை. விளைவு சிறியதல்ல. சமூக ஜனநாயகக் கட்சியும் சுதந்திர ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து பெற்றது 48.5 விழுக்காடு. பழமைவாதிகள் 46.1. அந்த 4.3 அவைக்குள் வந்திருந்தால் இரு கட்சிகளுக்கும் பெரும்பான்மை கிடைத்திராது. நாஜி எதிர்ப்பாளரும் நாடுகடந்து வாழ்ந்தவருமான வில்லி பிராண்ட் 251 வாக்குகள் பெற்றுப் பிரதமரானார். தேவைப்பட்டது 249. சமூகத்தில் அச்சம் தணிந்ததும் சட்டத்தில் வரம்பு இருந்ததும் ஒன்றுசேர்ந்தே அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கின. ஒன்று மட்டும் இருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்காது.

அடோர்னோவின் உரையில் நிறுவனங்கள் பற்றிய பகுதி மெலிந்திருக்கிறது. நீதிமன்றம், தேர்தல் விதி, கட்சிக் கூட்டணி ஆகியவை அவர் பார்வையின் ஓரத்தில்தான் வருகின்றன. அந்தக் குறையை லோவன்ஸ்டைனும் பெர்மியோவும் நிரப்புகிறார்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று அடோர்னோவிடம் இருக்கிறது: வாக்களிப்பவரின் அச்சத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்காமல் அதன் காரணத்தைத் தேடும் பொறுமை. ஐந்து விழுக்காடு வரம்பு 4.3ஐத் தடுக்கும், 12.6ஐத் தடுக்காது. அச்சம் அந்த அளவுக்கு வளர்ந்தபின் விதிகளால் மட்டும் ஆவது குறைவு.

ஆகவே நம்முன் இருக்கும் வேலை இரண்டு. ஏற்றத்தாழ்வைக் குறைக்காத அரசு, எந்தக் கட்சியினுடையதானாலும், ஜனநாயகத்தின் எதிரிகளுக்கு ஆள் சேர்க்கிறது என்பதைச் சொல்லவேண்டும். நீதிபதி நியமனம், அவை விதி, தேர்தல் ஆணையம், அவசரகால அதிகாரம் போன்ற வறண்ட செய்திகளை உள்பக்கத்தில் தள்ளிவிடாமல் படிக்கவேண்டும். இது எப்படிப் போய் முடியும் என்று கேட்பவர்களுக்கு வியன்னாவில் அடோர்னோ சொன்ன பதில்தான் இன்றும் பதில்: அந்தக் கேள்வி வேடிக்கை பார்ப்பவனின் கேள்வி, முடிவு நம் கையில் இருக்கிறது, பொறுப்பும் நம்முடையது.